17 வயதுப் பிள்ளைக்குக் கார் இன்சூரன்ஸ்: பிரிட்டனில் செலவைக் குறைக்கும் நேர்வழிகள்

தேர்வு மையத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மகன் சிரித்துக்கொண்டே வந்து "அம்மா, பாஸ்!" என்றான். என் காரின் முன்னும் பின்னும் ஒட்டியிருந்த எல் அட்டைகளை அவனே உரித்து எடுத்தான். அப்புறம் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போனவனை நிறுத்தி, சாவியை வாங்கிக்கொண்டு, வீடு வரைக்கும் நான்தான் ஓட்டினேன். அவன் முகம் வாடிவிட்டது. வேறு வழியில்லை. பயிற்சிக் காலத்துக்காக என் காரில் அவனுக்கு எடுத்திருந்த லேர்னர் இன்சூரன்ஸ், அவன் தேறிய அந்த நிமிடத்தோடு முடிந்துபோயிருந்தது.

பல லேர்னர் பாலிசிகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தேர்வில் தேறியதும் அவன் 'லேர்னர்' இல்லை, பாலிசியும் இல்லை. வெற்றி பெற்ற சந்தோஷத்தில் பிள்ளையே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். அதனால் சொந்தக் காரில் தேர்வுக்குப் போகிறவர்கள், திரும்பி வர யார் ஓட்டுவது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த நாட்டுக்கு வந்து சில வருடங்களே ஆன நம் குடும்பங்களில் பிள்ளைகள் 17 வயதைத் தொடும்போது, எல்லோரும் ஒரே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள்: "இவ்வளவு காசா கேட்பாங்க?" ஆமாம், கேட்பார்கள். எங்களுக்கு வந்த முதல் கொட்டேஷன் 2,180 பவுண்டு. நாங்கள் வாங்க நினைத்த பழைய காரின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதை நேர்மையான வழியில் எவ்வளவு இறக்க முடிந்தது, எந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தை மறக்க வேண்டும்

ஊரில் இன்சூரன்ஸ் என்பது வண்டிக்கு. என்ன கார், எத்தனை சிசி, எந்த வருட மாடல் என்று பார்த்துப் பிரீமியம் போடுவார்கள். அப்பா பெயரில் பாலிசி இருக்கும். லைசென்ஸ் உள்ள மகன், மருமகன், டிரைவர் யார் ஓட்டினாலும் செல்லும்.

பிரிட்டனில் இன்சூரன்ஸ் ஆளுக்கு. இன்னார், இந்தக் காரை, இந்தக் காரியத்துக்காக ஓட்டுவார் என்பதுதான் ஒப்பந்தம். பாலிசியில் பெயர் இல்லாதவர் தெருமுனைக் கடை வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. வயது, லைசென்ஸ் வாங்கி எத்தனை நாள், வீட்டின் போஸ்ட்கோடு, இரவில் கார் நிற்கும் இடம், வருடத்துக்கு எத்தனை மைல் என எல்லாம் சேர்ந்துதான் விலை. இதை மனதில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் எல்லாமே புரியும்.

பெண் பிள்ளைகளுக்குக் குறைவாமே என்று கேட்பவர்கள் உண்டு. முன்பு அப்படி இருந்தது. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்று பார்த்து விலை வைக்கக் கூடாது.

கார் வாங்கும் முன்பே விலை கேளுங்கள்

காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அப்புறம் இன்சூரன்ஸ் தேடுவதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. இங்கே கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். எண் சின்னதாக இருந்தால் செலவும் குறையும். ஃபோக்ஸ்வேகன் அப், ஸ்கோடா சிட்டிகோ, ஹூண்டாய் ஐ10, கியா பிகாண்டோ போன்ற 1 லிட்டர் எஞ்சின் சின்னக் கார்களில் சில மாடல்கள் முதல் சில குழுக்களுக்குள் வந்துவிடும். ஒரே பெயருள்ள காரிலேயே எஞ்சினும் வருடமும் மாறினால் குழுவும் மாறும். ஆகவே விற்பவரிடம் வண்டி எண்ணை வாங்கி, அந்த எண்ணை வைத்தே கொட்டேஷன் எடுத்துப் பாருங்கள். பணம் கொடுப்பது அதற்கு அப்புறம். எங்களுக்குப் பிடித்திருந்த ஒரு காரை, அழகான அலாய் வீல் போட்டிருந்ததை, இப்படித்தான் விட்டோம். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றமாக இருந்தாலும், கம்பெனியில் வந்தது இல்லையென்றால் அதையும் சொல்லியாக வேண்டும், விலையும் ஏறும்.

இன்னொன்று. காரை ஓட்டாமல் சும்மா நிறுத்தி வைத்தாலும் இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் வண்டி சாலையில் ஓடவில்லை என்று, லைசென்ஸையும் வண்டிப் பதிவையும் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவிடம் 'சோர்ன்' அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வாசலில் நிற்கும் காருக்கு அபராதக் கடிதம் வீடு தேடி வரும்.

பிள்ளைக்குத் தனிக் கார் அவசியம்தானா என்பதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள். வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள் மட்டும் ஓட்டப்போகிறான் என்றால், உங்கள் காரின் பாலிசியில் அவனைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பதுதான் பல வீடுகளில் மலிவாக முடியும். எப்போதாவது மட்டும்தான் என்றால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் எடுக்கும் தற்காலிக இன்சூரன்ஸும் இருக்கிறது. அதில் குறைந்தபட்ச வயது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள்

விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் முக்கியமான இணையத் தளங்கள் நான்கு: மணிசூப்பர்மார்க்கெட், கம்பேர் த மார்க்கெட், கன்ஃப்யூஸ்டு டாட் காம், கோகம்பேர். ஒன்றைப் பார்த்து நிறுத்தாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்றையாவது பாருங்கள். இவற்றில் வராத கம்பெனிகளும், இளம் ஓட்டுநர்களுக்கென்றே பாலிசி தேடித்தரும் புரோக்கர்களும் உண்டு. பிரிட்டிஷ் இன்சூரன்ஸ் புரோக்கர்கள் சங்கமான 'பீபா' வழியாக நல்ல புரோக்கரைத் தேடலாம்.

எப்போது தேடுவது என்பதிலும் காசு இருக்கிறது. பாலிசி தொடங்கும் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே விலை எடுத்தால் குறைவாக வரும். நாளைக்கே வேண்டும் என்று தேடினால் ஏறிவிடும். கடைசி நேரத்தில் ஓடிவருபவரைக் கம்பெனிகள் கவனம் குறைந்தவராகக் கணக்கிடுகின்றன. தேர்வுத் தேதி தெரிந்தவுடனேயே ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு விவரத்தை மட்டும் மாற்றி மாற்றி விலை எடுத்தோம். என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். எது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் பாருங்கள்.

மகன் பெயரில் மட்டும், முழுக் காப்பீடு: 2,180 பவுண்டு. அதே கார், மூன்றாம் தரப்புக்கு மட்டும் (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்): 2,410. என்னைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்தபோது: 1,790. அதோடு பிளாக் பாக்ஸ் (ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் கருவி) வைத்தபோது: 1,420. என் கணவரையும் சேர்த்தபோது: 1,490.

இரண்டாவது வரியைப் பார்த்து என் மகனே கால்குலேட்டரை எடுத்தான். குறைந்த பாதுகாப்புக்கு எப்படி அதிக விலை? மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டும் தேடி எடுப்பவர்களில் அதிகம் மோதுபவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்பது கம்பெனிகளின் கணக்கு. ஆகவே மலிவு வேண்டுமென்றால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் தரப்பு மட்டும், அதோடு தீ-திருட்டு, முழுக் காப்பீடு என்று மூன்று வகையிலும் விலை கேளுங்கள்.

கடைசி வரிதான் நம் குடும்பங்களுக்கு முக்கியம். அனுபவம் உள்ள பெற்றோரைப் பாலிசியில் சேர்த்தால் விலை குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் விஷயத்தில் குறைந்தது. வந்த புதிதில், குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால் நான் உடனே இங்கே லைசென்ஸ் எடுத்துவிட்டேன். கணவர் சென்னையில் 15 வருடம் கார் ஓட்டியவர்; ஆனால் இங்கே தினமும் ரயிலில் வேலைக்குப் போனதால் தள்ளிப்போட்டு, போன வருடம்தான் தேர்வு எழுதினார். இந்தியா, இலங்கை லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அப்புறம் அதை பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள முடியாது. எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் அந்த பிரிட்டிஷ் லைசென்ஸின் வயதைத்தான் எண்ணுகின்றன. அவர்கள் கண்ணில் என் கணவரும் ஒரு புது ஓட்டுநர். ஆகவே இருவரையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்து, யாரால் குறைகிறதோ அவரை வையுங்கள். பெயர் சேர்ப்பவர் உண்மையிலேயே அந்தக் காரை அவ்வப்போது ஓட்டுபவராக இருக்க வேண்டும்.

"அண்ணன் பேர்ல போட்டுடுங்க"

நோட்டோடு நான் திண்டாடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், கோயிலில் ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார்: "ஏன்க்கா கஷ்டப்படுறீங்க? வண்டிய அண்ணன் பேர்ல போட்டுட்டு, பையனை ரெண்டாவது டிரைவரா சேர்த்துடுங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

தினமும் ஓட்டப்போவது மகன். பாலிசியில் முதன்மை ஓட்டுநர் அப்பா. இது பினாமி வேலை. இங்கே இதற்கு 'ஃப்ரண்டிங்' என்று பெயர், சட்டப்படி மோசடி. விபத்து நடக்காத வரையில் ஒன்றும் தெரியாது. நடந்த அன்று கம்பெனி விசாரிக்கும்: கார் தினமும் எந்தக் கல்லூரி வாசலில் நிற்கிறது, அப்பா வேலைக்கு எதில் போகிறார் என்று. பொய் என்று தெரிந்தால் பாலிசியை ரத்து செய்து, உங்கள் காருக்கு ஒரு பென்னிகூடத் தராமல் விடலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். அப்பாவின் பெயரிலும் மோசடிக் குறிப்பு ஏறும். அப்புறம் குடும்பத்தில் யாருக்கும் நியாயமான விலையில் பாலிசி கிடைப்பது கடினம்.

பிள்ளையின் கதை இன்னும் மோசம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 300 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 புள்ளிகளும். நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. 1995ஆம் ஆண்டின் புதிய ஓட்டுநர் சட்டப்படி, தேறிய 2 ஆண்டுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் பறிபோகும். மறுபடியும் எல் அட்டை, மறுபடியும் இரண்டு தேர்வுகள். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் இதே 6 புள்ளிகள்தான் என்பதையும் சேர்த்துப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

அதே ஆட்களை நேர்மையான வரிசையில் வைத்தால் குற்றமில்லை: பிள்ளை முதன்மை ஓட்டுநர், நீங்கள் கூடுதல். அல்லது கார் உண்மையிலேயே உங்களுடையது, பெரும்பாலும் ஓட்டுவது நீங்கள், பிள்ளை கூடுதல். நடப்பது எதுவோ அதை எழுதுங்கள்.

பிளாக் பாக்ஸ் பயப்பட வேண்டிய பொருளில்லை

17, 18 வயதுக்காரர்களுக்கு விலையை அதிகம் இறக்கும் வழிகளில் இது ஒன்று. சோப்புப் பெட்டி அளவுள்ள கருவியைக் காரில் பொருத்துவார்கள். சில கம்பெனிகள் செருகும் கருவி தரும், சில போனில் ஒரு ஆப் போதும் என்கும். வேகம், திடீர் பிரேக், வளைவில் திரும்பும் விதம், ஓட்டும் நேரம் எல்லாம் பதிவாகி மதிப்பெண்ணாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த ஆப்பை மகனோடு சேர்ந்து பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் மதிப்பெண் 91லிருந்து 78க்கு விழுந்தது. வரைபடத்தில் ஒரே ரவுண்டானாவின் மேல் மூன்று சிவப்புப் புள்ளிகள். அடுத்த நாள் நானும் கூடப் போனேன். தூரத்திலேயே வேகத்தைக் குறைக்காமல், ரவுண்டானாவின் வாசலில் வந்து அழுத்திப் பிடிக்கிறான். அரை மைல் முன்னாலேயே காலை எடுக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் சரியானது. எந்தப் பயிற்றுநரும் இவ்வளவு நுணுக்கமாகக் காட்டியதில்லை.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றை வாசித்துவிடுங்கள். நள்ளிரவில் ஓட்டினால் மதிப்பெண் குறையுமா? இரவு 11 மணிக்கு மேல் கடையில் வேலை முடிந்து வரும் பிள்ளைக்கு அது ஒத்துவராது. மைல் தீர்ந்துபோனால் கூடுதல் மைலுக்கு என்ன விலை? மதிப்பெண் தொடர்ந்து மோசமானால் எச்சரிக்கை எப்படி வரும்? அந்த மின்னஞ்சல்கள் பிள்ளையின் குப்பைப் பெட்டியில் கிடந்துவிடக் கூடாது. ஏனென்றால் கம்பெனியே பாலிசியை ரத்து செய்துவிட்டால், பின்னால் எங்கே பாலிசி கேட்டாலும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயங்கள்

எக்ஸஸ் என்பது, கிளைம் செய்யும்போது முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. கட்டாய எக்ஸஸ், நீங்களாக ஏற்கும் எக்ஸஸ் என்று இரண்டு உண்டு. இளம் ஓட்டுநருக்குக் கட்டாயத் தொகையே கூடுதலாக இருக்கும். எங்களுக்கு விருப்பத் தொகையை 100லிருந்து 250 ஆக்கியபோது 60 பவுண்டு குறைந்தது. 500 ஆக்கியபோது மேலும் 25தான் குறைந்தது. 250லேயே நிறுத்திக்கொண்டோம். 2,000 பவுண்டு காருக்கு 1,000 பவுண்டு எக்ஸஸ் வைத்தால் கிளைம் செய்து என்ன பயன்?

மாதத் தவணை என்பது வட்டிக் கடன்தான். வருட வட்டி பல சமயம் 20 விழுக்காட்டுக்கு மேல் போகும். எங்கள் 1,420 பவுண்டு, தவணையில் 1,580 ஆனது. தாத்தா, பாட்டி, மாமா யாராவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் இதற்குப் பங்கு கேளுங்கள், மொத்தமாகக் கட்டிவிடுங்கள்.

பயன்பாடு என்ற இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். சொந்த வேலைகளுக்கு மட்டும் என்று எடுத்தால் வேலைக்கோ கல்லூரிக்கோ தினமும் போய்வருவது சேராது. ரயில் நிலையம் வரை ஓட்டி, காரை அங்கே விட்டுப் போவதும் வேலைப் பயணம்தான். சாப்பாடு டெலிவரி செய்வதற்கு முற்றிலும் வேறு பாலிசி வேண்டும். பகுதிநேர வேலை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மைலைக் குறைத்துப் போடாதீர்கள். செப்டம்பரில் பிள்ளை வேறு ஊருக்குப் படிக்கப் போய் காரையும் கொண்டுபோனால், அந்த முகவரியைக் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

பாஸ் பிளஸ் என்று ஒரு கூடுதல் பயிற்சி இருக்கிறது: குறைந்தது 6 மணி நேரம், இரவு, மோட்டார்வே எல்லாம் சேர்த்து. பயிற்சியாக நல்லது. தள்ளுபடி தரும் கம்பெனிகள் இப்போது குறைந்துவிட்டன. அதற்காகவே சேர்வதென்றால் முதலில் கம்பெனியிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வாட்ஸ்ஆப்பில் வரும் மலிவுப் பாலிசி

"நம்ம ஆளுதான், பாதி விலைக்கு எடுத்துத் தருவார்" என்று ஒரு எண் சுற்றும். பாதி விலையில் உண்மையான பாலிசி 17 வயதுக்காரருக்குக் கிடையாது. சிலர் போலிச் சான்றிதழ் அச்சடித்துத் தருவார்கள்; சிலர் வயதையும் முகவரியையும் பொய்யாகப் போட்டு உண்மையான பாலிசி எடுத்துத் தருவார்கள். இரண்டும் செல்லாது. போலிச் சான்றிதழ் என்றால், போலீஸ் காரின் கேமரா வண்டி எண்ணைப் படித்தவுடனே இன்சூரன்ஸ் இல்லை என்று காட்டிவிடும். காரை அங்கேயே தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு அதிகாரம் உண்டு. விற்பவரின் பெயர் நிதி நடத்தை ஆணையமான எஃப்சிஏவின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி எடுத்த பின், மோட்டார் இன்சூரன்ஸ் தரவுத்தளத்தில் உங்கள் வண்டி எண்ணை இலவசமாகச் சரிபார்க்கலாம். பதிவு ஏற ஓரிரு நாள் ஆகலாம். அதுவரை சான்றிதழைப் போனில் வைத்திருக்கட்டும்.

பாலிசி கைக்கு வந்த பிறகு

முதல் 14 நாள் மனம் மாறினால் ரத்து செய்யலாம். ஓட்டிய நாள்களுக்கும் சில கட்டணங்களுக்கும் பிடித்துக்கொள்வார்கள். எழுதியிருக்கும் பெயர், லைசென்ஸ் தேதி, வேலை எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்து, பிழை இருந்தால் உடனே திருத்துங்கள். நம் பெயர்களில் இனிஷியலும் குடும்பப் பெயரும் இடம் மாறிப்போவது அடிக்கடி நடக்கும். லைசென்ஸில் உள்ளபடியே இருக்கட்டும்.

நண்பன் காரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. பிறர் காரை ஓட்டும் அனுமதி பெரியவர்களின் சில பாலிசிகளில் இருக்கும்; இந்த வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. லேசாக உரசினாலும், கிளைம் கேட்காவிட்டாலும், கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பெனி நியாயமில்லாமல் நடந்துகொண்டதாகத் தோன்றினால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் நிதிக் குறைதீர்ப்பு அமைப்பான ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் இலவசமாக விசாரிக்கும்.

வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது மறுபடியும் நோட்டை எடுங்கள். பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிகம் கேட்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது; ஆனாலும் வேறு கம்பெனி இன்னும் குறைவாகத் தரலாம். பிள்ளை தன் பெயரிலேயே பாலிசி வைத்திருந்ததன் பலன் இங்கேதான் வருகிறது: ஒரு வருட நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காமல் ஓட்டியதற்கான தள்ளுபடி, அவன் கணக்கில் ஏறியிருக்கும். அப்பா பெயரில் ஒளிந்திருந்தால் அது பெரும்பாலும் கிடைக்காது. அதற்கான சான்றை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். என் மகன் அதைப் புதுக் கம்பெனிக்கு அனுப்பிய அன்று வந்த விலை 985 பவுண்டு. அந்த எண்ணை நோட்டில் அவனே எழுதினான்.